போட்டோ எடுத்தா ஆயுசு குறையுமா?

"போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்." நம்ம ஊர்ப் பாட்டிமார் வாயால இதைக் கேக்காதவங்க கம்மி. கேமராவைப் பார்த்ததும் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு உள்ளே ஓடின தலைமுறை அது. நாலு எழுத்து படிச்ச நாம அதைக் கேட்டு சிரிச்சோம். ஆனா போட்டோ கண்டுபிடிச்ச முதல் ஐம்பது வருஷக் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, பாட்டி சொன்னது பாதி சரின்னுதான் எனக்குத் தோணுது. ஆயுசு குறைஞ்சது நிஜம். யாரோட ஆயுசுங்கிறதுலதான் பாட்டிக்கு ஒரு சின்னக் குழப்பம். கேமராவுக்கு முன்னாடி உக்காந்தவங்க நல்லாத்தான் வீடு போய்ச் சேர்ந்தாங்க. பின்னாடி, இருட்டறையிலயும் மொட்டை மாடியிலயும் முட்டை உடைக்கிற கொட்டகையிலயும் நின்னவங்க பாடுதான் வேற.

இந்தப் பதிவு அவங்களைப் பத்தினது. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல் மனுஷன் ஒரு தொழிலாளி

1839 ஜனவரி 7. பாரிஸில் விஞ்ஞான அகாதமி கூட்டத்துல, லூயி டாகர்ங்கிறவர் வெளிச்சத்தை வச்சே படம் வரைய வழி கண்டுபிடிச்சிருக்கார்னு அராகோ என்கிற விஞ்ஞானி அறிவிக்கிறார். செய்முறை முழுசா வெளியே வந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 19. அந்த முறைக்குப் பேர் டாகரோடைப்.

இதுக்கு முந்தின வருஷம், 1838ல, டாகர் தன் ஜன்னல்லேர்ந்து பாரிஸ் தெரு ஒண்ணைப் படம் எடுத்தார். பூல்வார் து தாம்ப்ள்னு தெருவோட பேர். ஜனமும் வண்டியுமா ஜேஜேன்னு இருக்கிற தெரு. ஆனா படத்துல தெரு காலியா இருக்கு. ஏன்னா ஒளி பதியவே பல நிமிஷம் ஆச்சு. நடந்தவன், ஓடினவன், குதிரை, வண்டி எதுவும் பதியலை. ஒரு மூலையில மட்டும் ரெண்டு பேர் நிழல் மாதிரி தெரியறாங்க. ஒருத்தர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கறார், இன்னொருத்தர் குனிஞ்சு போட்டு விடறார். நின்ன இடத்துல நின்னதால படத்துல விழுந்துட்டாங்க.

மனுஷன் பதிவான மிகப் பழைய போட்டோவா நமக்குக் கிடைச்சிருக்கிறது இதுதான். அதுல ஒருத்தர் பாலிஷ் போடற தொழிலாளி. ரெண்டு பேரோட பேரும் யாருக்கும் தெரியாது. அடுத்த அம்பது வருஷத்துக்கும் இதே கதைதான்: முகம் மிச்சமாகும், கை காணாமப் போகும்.

தட்டு தேய்க்கிறது ஒரு தனி வேலை

டாகரோடைப்புல ஃபிலிம் கிடையாது, பேப்பர் கிடையாது. செப்புத் தகடு, அது மேல வெள்ளி முலாம். அந்த வெள்ளியை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி தேய்க்கணும். முதல்ல நைசான கல்பொடி போட்டு, அப்புறம் மான்தோல் சுத்தின நீளக் கட்டையில சிவப்புப் பொடி தடவி, ஒரே திசையில தேய் தேய்னு தேய்க்கணும். ஒரு கீறல் இருந்தாலும் அது கஸ்டமர் கன்னத்துல கோடா வந்து நிக்கும். நம்ம வீட்டுல கல்யாணத்துக்கு முந்தின நாள் குத்துவிளக்கு தேய்ச்சவங்களைக் கேட்டுப் பாருங்க, தோள்பட்டை என்ன ஆகும்னு சொல்வாங்க. ஸ்டூடியோ பையனுக்கு அது தினமும், ஒரு நாளைக்குப் பல தகடு.

அடுத்தது அயோடின் ஆவி. மூடின பெட்டிக்குள்ள தகட்டைக் கவுத்து வச்சா வெள்ளி மஞ்சளாகும். அதுக்கு மேல புரோமின் ஆவி, இப்ப ரோஜா நிறம் வரும். எவ்வளவு நேரம்னு கடிகாரம் சொல்லாது, நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கணும். வெயில் காலத்துக்கு ஒரு நேரம், குளிர் காலத்துக்கு ஒரு நேரம். கண்ணுதான் மீட்டர். புரோமின்னா என்னன்னு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல மூக்கை நீட்டினவங்களுக்குத் தெரியும் :-) தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கிற சாமான்.

கேமராவுல படம் எடுத்தாச்சு. தகட்டைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. இப்பதான் பாதரசம் வருது. இரும்புப் பெட்டிக்கு அடியில கிண்ணத்துல பாதரசம், அதுக்குக் கீழே விளக்கு. சூடான பாதரச ஆவி தகட்டுல எங்கெல்லாம் வெளிச்சம் பட்டுச்சோ அங்கெல்லாம் ஒட்டிக்கும். முகம் மெல்ல எழும்பி வரும். அதைப் பார்க்கிறது மந்திரம் மாதிரி இருந்ததுன்னு அந்தக் காலத்து ஆட்கள் எழுதியிருக்காங்க. இருந்திருக்கும். அந்த மந்திரத்தைக் காத்தோட்டம் இல்லாத சின்ன ரூம்ல தினம் பல தடவை பார்த்தவன் மூச்சுல என்ன போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நியூயார்க்கில் பெரிய ஸ்டூடியோ வச்சிருந்த ஜெரமையா கர்னியே 1850களின் தொடக்கத்தில் பாதரச விஷம் ஏறிப் படுத்த படுக்கையானார். முதலாளி விழுந்ததால பத்திரிகையில வந்தது. உள்ளே இருந்த பையன்கள் விழுந்திருந்தா யார் எழுதப் போறாங்க?

அதுக்கப்புறமும் வேலை முடியலை. ஹைப்போவுல கழுவணும். தங்க குளோரைடு ஊத்தி அடியில விளக்கைக் காட்டி முலாம் ஏத்தணும். கன்னத்துக்கு லேசா சிவப்புப் பொடி, மோதிரத்துக்கு தங்கப் பொட்டு. கண்ணாடி வச்சு, ஓரத்தைக் காத்துப் புகாம ஒட்டி, வெல்வெட் வச்ச சின்னப் பெட்டிக்குள்ள பொருத்தணும். கை பட்டாலே படம் அழிஞ்சிடும், அவ்வளவு மெல்லிசு.

1850கள்ல அமெரிக்காவில இருபத்தஞ்சு சென்ட்டுக்குப் படம் எடுக்கற கடைகள் வந்துச்சு. அங்கே இதெல்லாம் வேலை வேலையாப் பிரிஞ்சு போச்சு. தேய்க்கிறவன் ஒருத்தன், ஆவி காட்டறவன் ஒருத்தன், கேமராக்காரன் ஒருத்தன், பாதரசத்துக்கு ஒருத்தன், முலாமுக்கு ஒருத்தன். தகடு கை மாறி கை மாறிப் போகும். ஹென்றி ஃபோர்டு பிறக்கறதுக்கு முன்னாடியே அசெம்பிளி லைன்! கஸ்டமர் பார்த்தது கேமராக்காரனை மட்டும்.

லென்ஸுக்குள்ள சிப்பாய்கள்

முதல்ல இதை வச்சு ஆள் படம் எடுக்க முடியும்னே பலர் நம்பலை. வெயில்ல கண்ணைத் திறந்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் யார் ஆடாம உக்காருவாங்க? 1839 கடைசியில ஃபிலடெல்ஃபியாவுல ராபர்ட் கொர்னீலியஸ் தன்னைத் தானே எடுத்துக்கிட்டார். கலைஞ்ச தலையோட, சட்டத்துக்கு நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளி நிக்கிற அந்தப் படத்தை நெட்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க, "முதல் செல்ஃபி"ன்னு. அவர் குடும்பம் விளக்கு செய்யற தொழில். வெள்ளி முலாம் வேலை அவருக்கு அத்துப்படி. கலைஞன் கண்ணோட சேர்ந்து பட்டறைக்காரன் கையும் இருந்ததாலதான் அந்தப் படமே வந்தது.

நேரத்தைக் குறைச்சதுல பெரிய பங்கு ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு, மேலே சொன்ன புரோமின். இன்னொண்ணு, 1840ல வியன்னாவில் யோசஃப் பெட்ஸ்வால் என்கிற கணிதப் பேராசிரியர் வடிவமைச்ச லென்ஸ். அதுக்கு முன்னாடி இருந்த லென்ஸ் எஃப் 16 சுமாருக்கு இருந்தது. இவருது எஃப் 3.6. போட்டோகிராஃபி தெரிஞ்சவங்க உடனே கணக்கு போட்டிருப்பீங்க: 16ஐ 3.6ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா கிட்டத்தட்ட 20. அதாவது இருபது மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நிமிஷக் கணக்கு விநாடிக் கணக்கா மாறிச்சு.

எங்க ஜாதி ஆட்களுக்குப் பிடிச்ச பகுதி இங்கேதான். இந்த லென்ஸை கையால கண்ணாடி தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்கலை. முழுக்க கணக்குப் போட்டு வந்தது. ஒளிக்கதிர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்புலயும் எப்படி வளையும்னு கணக்கு. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஆஸ்திரிய பீரங்கிப் படைத் தலைவரா இருந்த இளவரசர் லுட்விக், கணக்குல கெட்டிக்கார பீரங்கிப் படை ஆட்களைப் பெட்ஸ்வாலுக்கு உதவியா அனுப்பி வச்சார். குண்டு எங்கே விழும்னு கணக்குப் போட்டவங்க, வெளிச்சம் எங்கே விழும்னு கணக்குப் போட்டாங்க. மனிதக் கம்ப்யூட்டர்கள்!

லென்ஸைத் தயாரிச்சு வித்த ஃபோய்க்லாண்டர் கம்பெனி அதுல பெரும் காசு பார்த்தது. பெட்ஸ்வாலுக்குக் கிடைச்சது ஒரே ஒரு தடவை ரெண்டாயிரம் கில்டர். ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாகி உறவே முறிஞ்சது. கணக்குப் போட்ட சிப்பாய்களுக்கு? அவங்களைப் பத்தி இன்னிக்கு யாரும் பெரிசா பேசறதில்லை.

உக்காந்து இருக்கிறதும் வேலைதான்

1841 மார்ச் 23ல, லண்டன் ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக் கட்டடத்து மொட்டை மாடியில ரிச்சர்ட் பியர்ட் ஸ்டூடியோ திறந்தார். ஐரோப்பாவுல பொதுமக்களுக்கான முதல் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ. மாடியில ஏன்? வெளிச்சம்தானே மூலப்பொருள். கூரைக்கு நீலக் கண்ணாடி போட்டிருந்தார். ஒளி பதியறதுக்கு வேண்டிய நீலம் உள்ளே வரும், கஸ்டமர் கண்ணும் கூசாது. இந்த ஸ்டூடியோவை 1842ல ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் ஒரு சித்திரமா வரைஞ்சிருக்கார். உயரமான மேடையில கஸ்டமர், தலைக்குப் பின்னாடி கவ்வி, ஒருத்தர் கையில கடிகாரம். எனக்குப் பிடிச்சது அதுல இன்னொரு ஆள்: ஓரமா உக்காந்து தகடு தேய்ச்சுக்கிட்டு இருக்கார். தேய்க்கிறவரையும் வரையணும்னு அந்த ஓவியருக்குத் தோணியிருக்கு பாருங்க.

பழைய போட்டோவுல யாரும் ஏன் சிரிக்கலைங்கிற கேள்விக்கு இதுல ஒரு பாதி பதில் இருக்கு. பத்துலேர்ந்து அறுபது விநாடி வரைக்கும் ஒரு சிரிப்பைப் புடிச்சு வச்சுப் பாருங்க, கன்னம் நடுங்கும். (மீதிப் பாதி, படம் எடுக்கிறதை ஓவியத்துக்கு உக்கார்ற மாதிரி மரியாதையான விஷயமா நினைச்சது.) தலை ஆடாம இருக்க இரும்புக் கம்பம் ஒண்ணு, அதோட நுனியில பின்னந்தலையைத் தாங்குற ரெண்டு கவ்வி. நின்னுக்கிட்டு எடுத்த பழைய படங்கள்ல காலுக்குப் பின்னாடி உத்துப் பாருங்க, இரும்புப் பாதம் எட்டிப் பார்க்கும். செத்தவங்களை நிக்க வச்சு எடுக்கத்தான் இந்தக் கம்பம்னு ஃபார்வர்டு மெயில்ல சுத்தினது. நம்பாதீங்க. ஒரு மனுஷ உடம்பைத் தாங்குற பலம் அதுக்குக் கிடையாது, உயிரோட இருக்கிறவங்க தலை ஆடாம இருக்கத்தான் அது.

குழந்தைங்கதான் பெரிய தலைவலி. அதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. அம்மா நாற்காலி மாதிரி உக்காந்துக்கணும், அவங்க மேல துணியைப் போட்டு மூடிடுவாங்க, மடியில குழந்தை. படத்துல குழந்தை அழகா வரும், பின்னாடி ஒரு துணிக்குவியல். இந்த மாதிரிப் படங்கள் நிறைய இருக்கு. குழந்தையைப் புடிச்சிருக்கிற கை மட்டும் சில படங்கள்ல தெரியும். அந்த நாள் வேலையில பாதியைச் செஞ்சவங்க அந்த அம்மாதான், முகத்தை மூடிக்கிட்டு.

ஈரம் காயறதுக்குள்ள

1851ல லண்டனில் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். டாகரோடைப்புல ஒரு தகடுன்னா ஒரே படம், நகல் கிடையாது. கொலோடியன்ல கண்ணாடியில நெகட்டிவ், அதுலேர்ந்து எத்தனை பிரதி வேணாலும் போடலாம்.

ஆர்ச்சர் இதுக்குப் பேட்டன்ட் வாங்கலை. யார் வேணாலும் எடுத்துக்குங்கன்னு பத்திரிகையில எழுதிட்டார். நம்ம பாஷையில ஓப்பன் சோர்ஸ். ஃபாக்ஸ் டால்பட் தன் பழைய பேட்டன்ட் இதையும் கட்டுப்படுத்தும்னு வழக்குப் போட்டு 1854 டிசம்பரில் தோத்தார். அதுக்கப்புறம் தெருவுக்குத் தெரு ஸ்டூடியோ. ஊரெல்லாம் சம்பாதிச்சுது. ஆர்ச்சர் 1857ல வறுமையில செத்துப் போனார். பிள்ளைகளுக்கு அரசாங்கம் சின்னதா ஒரு பென்ஷன் கொடுத்தது.

இந்த முறையில டெட்லைன் கொடூரம். வெடிபஞ்சை ஈதர்லயும் ஆல்கஹால்லயும் கரைச்ச பாகு, அதுல அயோடைடு. அதைக் கண்ணாடி நடுவுல ஊத்தி, தோசைக்கல்லைச் சாய்க்கிற மாதிரி நாலு மூலைக்கும் சாய்ச்சு, மிச்சத்தை பாட்டிலுக்குள்ள திருப்பி ஊத்தணும். சொட்டு சிந்தக் கூடாது, திட்டு விழக் கூடாது. உடனே இருட்டறையில சில்வர் நைட்ரேட் தொட்டியில சில நிமிஷம். எடுத்துக் கேமராவுல போட்டு, படம் எடுத்து, திரும்ப ஓடி வந்து டெவலப் பண்ணி முடிக்கணும். எல்லாம் ஈரம் காயறதுக்குள்ள, பத்து நிமிஷம் சுமாருக்கு. காய்ஞ்சா அம்புட்டுதான், கண்ணாடியைக் கழுவி முதல்லேர்ந்து.

வேலை பண்ற இடத்தை நினைச்சுப் பாருங்க. இருட்டறையில விளக்கு எரியுது, பக்கத்துல ஈதர் ஆவி. தீப்பிடிக்க வேற என்ன வேணும்? சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப் போகும், சோப்பு போட்டா போகாது. போக்கறதுக்கு பொட்டாசியம் சயனைடு கட்டியை எடுத்துக் கையில தேய்ச்சுப்பாங்க. ஆமாங்க, அதே சயனைடுதான். விரல்ல ஒரு வெட்டுக்காயம் இருந்தா போதும். நெகட்டிவைத் தெளிய வைக்கவும் அதே சயனைடுதான், தொட்டி நிறைய பக்கத்துலேயே இருக்கும். கை மறதியா மாத்திக் குடிச்சு செத்தவங்களும் உண்டு.

அறுபது லட்சம் முட்டை

1854ல பாரிஸில் திஸ்தெரி என்கிற போட்டோகிராஃபர் ஒரு பேட்டன்ட் வாங்கினார். ஒரே கண்ணாடியில எட்டு சின்னப் படம். வெட்டி அட்டையில ஒட்டினா விசிட்டிங் கார்டு அளவு. விலை மளமளன்னு இறங்கிச்சு. 1860 வாக்கில அது ஒரு பைத்தியமாவே ஆயிடுச்சு. ராணி, நடிகை, பாதிரியார், பக்கத்து வீட்டு மாமான்னு எல்லாரோட அட்டையும் ஆல்பத்துல. அந்தக் காலத்து ஆர்குட்னு வச்சுக்கங்களேன். (திஸ்தெரியும் சம்பாதிச்சதை எல்லாம் விட்டு, 1889ல ஏழையாத்தான் செத்தார்.)

இத்தனை அட்டைக்கும் பேப்பர் வேணுமே? 1850ல ப்ளாங்கார் எவ்ரார் கொண்டு வந்த ஆல்புமன் பேப்பர்தான் பயன்பட்டது. ஆல்புமன்னா முட்டை வெள்ளைக்கரு. உப்பு கலந்த வெள்ளைக்கரு மேல பேப்பரை மிதக்க விட்டு எடுத்தா வழவழன்னு ஒரு பூச்சு.

பேப்பருக்கே ரெண்டு ஆலைதான் கதி: பிரான்ஸ்ல ரீவ், பெல்ஜியம் எல்லைப் பக்கம் மால்மெடி. வேற ஊர் தண்ணியில இரும்பு இருந்தா படத்துல கறுப்புப் புள்ளி விழும். பூச்சு வேலைக்கோ ஜெர்மனியில ட்ரெஸ்டன் ஊர். அங்கே ஒரு கம்பெனி மட்டும் 1888ல 18,674 ரீம் பேப்பர் தயாரிச்சுது. ஒரு ரீமுக்கு 480 தாள். ஒரு ரீமுக்கு வேண்டிய முட்டை 27 டஜன். பெருக்கிப் பாருங்க, அறுபது லட்சம் முட்டைக்கு மேல வரும், ஒரே வருஷத்துல!

அறுபது லட்சத்தையும் உடைச்சது மெஷின் இல்லை. பெண்கள். ஒவ்வொண்ணா உடைச்சு, மஞ்சக்கரு ஒரு துளி கலக்காம பிரிச்சு, நுரைக்க அடிச்சு, வடிகட்டி, பூச்சு சமமா வரணும்னு அதைப் பல நாள் புளிக்க வச்சு... வாசனையை நான் வர்ணிக்கப் போறதில்லை, சாப்பிட்டுட்டு படிக்கிறவங்க இருப்பீங்க. அப்புறம் ஒவ்வொரு தாளையும் கையால மிதக்க விட்டு, குமிழி விழாம தூக்கி, சூடான அறையில கழியில காயப் போடணும். மஞ்சக்கரு என்ன ஆச்சுன்னு கேப்பீங்களே? தோல் பதனிடறவங்க வாங்கிக்கிட்டாங்க.

சும்மா ஒரு கணக்கு போட்டேன். தாள் 46க்கு 58 சென்டிமீட்டர். விசிட்டிங் கார்டு படம் 6க்கு 9ன்னு வச்சா ஒரு தாள்ல 42 படம். ஒரு ரீம்ல இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. அப்போ ஒரு முட்டைக்கு சுமார் 60 முகம். உலகம் பூரா ஆல்பத்துல சிரிக்காம உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அந்தப் பெண்கள் கையால உடைச்ச முட்டை மேலதான் உக்காந்திருக்காங்க.

நாற்பது பேர் வேலை, ஒருத்தர் பேர்

பேப்பர் ஸ்டூடியோவுக்கு வந்தா அங்கே இன்னொரு படை. சில்வர் நைட்ரேட்ல மிதக்க விடணும். நெகட்டிவோட சேர்த்துச் சட்டத்துல மாட்டி வெயில்ல வைக்கணும், மேகம் வந்தா காத்திருக்கணும், அப்பப்ப தூக்கிப் பார்க்கணும். தங்கக் கரைசல், ஹைப்போ, மணிக்கணக்கா கழுவல். வெட்டி, பசை தடவி, அட்டையில ஒட்டி, உருளையில அழுத்தணும். சுருக்கத்தையும் மருவையும் நெகட்டிவ்லயே பென்சிலால அழிக்கிற டச்சப் ஆட்கள் தனி. ஒட்டறது, வெட்டறது, வண்ணம் பூசறது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை.

லண்டன் பேஸ்வாட்டர்ல காமீய் சில்வி என்கிற பிரெஞ்சுக்காரர் ஸ்டூடியோ வச்சிருந்தார். 1859லேர்ந்து 1868 வரைக்கும் சுமார் 17,000 பேர் அங்கே வந்து உக்காந்திருக்காங்க. யார் வந்தாங்க, என்னிக்கு வந்தாங்க, கூடவே ஒரு சாம்பிள் பிரிண்ட்டுன்னு ஒட்டி வச்ச பேரேடுகள் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில பத்திரமா இருக்கு. உக்காந்தவங்க பேர் பூராவும் பதிவு. அங்கே நாற்பது பேர் அளவுக்கு வேலை பார்த்திருக்காங்க. அட்டையில அச்சானது ஒரே பேர்.

சில்விக்கும் நல்ல முடிவில்லை. நாற்பது வயசுக்கு முன்னாடியே தொழிலை விட்டார். இருட்டறை ரசாயனம்தான் தன் நரம்பைக் கெடுத்ததுன்னு அவர் நம்பினார். 1910ல சாகறதுக்கு முன்னாடி பல வருஷம் மனநோய் மருத்துவமனைகள்லயே போச்சு. நோய் உண்மையிலேயே ரசாயனத்தாலதானான்னு இன்னிக்கு ஆய்வாளர்கள் சந்தேகப்படறாங்க, அவரோட மனநிலைக் கோளாறு தனி நோயா இருக்கலாம்கிறாங்க. இருக்கட்டும். ஆனா முதலாளி உடம்பைப் பத்தி இந்த அளவுக்காவது விவாதம் நடக்குது. தொட்டி பக்கத்துல நின்ன மத்தவங்களுக்கு அந்த விவாதம்கூட கிடையாது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மேத்யூ பிரேடி. லிங்கன் படத்துக்குப் பேர் போன ஆள். பார்வை மங்கினவர். ஸ்டூடியோவுல கேமராவை இயக்கினது பெரும்பாலும் சம்பளத்துக்கு இருந்த ஆபரேட்டர்கள், வெளியே போனது "பிரேடி"ங்கிற பேர். டீம் வேலை பார்க்க, மேனேஜர் பேர் ப்ரசன்டேஷன்ல வர்ற கதை நமக்குப் புதுசா என்ன?

1858லேர்ந்து பிரேடியோட வாஷிங்டன் கிளையை நடத்தினவர் அலெக்ஸாண்டர் கார்ட்னர். உள்நாட்டுப் போர் நடுவுல பிரிஞ்சு வந்து தனிக்கடை போட்டார், திமோத்தி ஓசல்லிவன் மாதிரி கெட்டிக்காரங்க அவர்கிட்ட போனாங்க. 1866ல கார்ட்னர் போர்ப் படங்கள் நூறை ரெண்டு தொகுதியா வெளியிட்டார். அதுல ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் நெகட்டிவ் எடுத்தது யார், பிரிண்ட் போட்டது யார்னு தனித்தனியா அச்சடிச்சார். சாதாரண விஷயமாத் தெரியும். ஆனா அந்தத் தொழில்ல அது பெரிய மாற்றம். கம்பெனி சொத்தா இருந்த படத்துக்கு எடுத்தவன் பேர் கிடைச்சுது. இருந்தாலும் கண்ணாடி கழுவினவன், அட்டையில ஒட்டினவங்க பேர் கார்ட்னர் புத்தகத்துலயும் வரலை. பட்டியல் ஒரு படி கீழே இறங்குச்சு, அதுக்கும் கீழே இறங்கலை.

களுத்துறை

எல்லா வேலையையும் தானே செஞ்ச ஒருத்தரும் இருந்தாங்க. ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவுல பிறந்த இங்கிலீஷ்காரம்மா. 48 வயசுல மகள் கேமரா பரிசு கொடுக்க, கரி அறை இருட்டறையாச்சு, கோழிக்கூண்டு ஸ்டூடியோவாச்சு. (முட்டையும் கோழியும் நம்மை விட மாட்டேங்குது.) கறை படிஞ்ச கையோட திரிவாங்கன்னு அவங்களைப் பத்திப் பலர் எழுதியிருக்காங்க. வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியரை மாதாவா உக்கார வச்சு எடுத்த படங்கள் இன்னிக்கு மியூசியத்துல. வேலைக்காரப் பொண்ணா இருந்தாலும் மேரி ஹில்லியர்ங்கிற பேர் நமக்குத் தெரியுது.

1875ல கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போச்சு. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். தமிழ்நாட்டுலேர்ந்து கொண்டு போன கூலித் தொழிலாளிகள் உழைச்ச தோட்டங்கள். களுத்துறையிலயும் கேமரன் படம் எடுத்தாங்க. அங்கத்து வேலையாட்கள், கிராமத்து ஜனங்கள், தமிழர்களும் அதுல உண்டு. மிச்சம் இருக்கிற படங்கள் ரொம்பக் கம்மி. கூர்மையான, நேரா நம்மைப் பார்க்கிற முகங்கள். ஆனா தலைப்பு "களுத்துறை விவசாயிகள்" மாதிரி பொத்தாம் பொதுவா நின்னுடுது. 1877 வாக்கில அங்கே விருந்தாளியா வந்த ஓவியர் மரியான் நார்த் ஒரு சம்பவம் எழுதியிருக்காங்க. உள்ளூர் ஆள் ஒருத்தரோட முதுகு கேமரனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். அவரைத் தோட்டக்காரனா வேலைக்கு வச்சே ஆகணும்னு மகன்கிட்ட அடம் பிடிச்சாங்களாம். வீட்டுல தோட்டமே கிடையாது!

படிச்சா சிரிப்பு வருது. அப்புறம் யோசிச்சா, அந்த மனுஷன் பேரை ரெண்டு பேருமே எழுதி வைக்கலை. இங்கிலாந்து வேலைக்காரிக்குப் பேர் இருக்கு, இலங்கை வேலைக்காரருக்கு முதுகு மட்டும்தான் இருக்கு. இந்தப் பக்கம் கேமராவுக்குப் பின்னாடி நின்னவங்க பேர் தொலைஞ்சது, அந்தப் பக்கம் முன்னாடி உக்காந்தவங்க பேரும் தொலைஞ்சது. ரெண்டுக்கும் ஒரே காரணம்தான்: பேரேட்டுல யாரை எழுதணும்னு முடிவு பண்ற இடத்துல அவங்க இல்லை.

கேமரன் 1879 ஜனவரியில இலங்கையிலேயே காலமானாங்க. அடுத்த சில வருஷத்துல காயவச்ச ரெடிமேட் கண்ணாடித் தகடு கடையில கிடைக்க ஆரம்பிச்சு, ஈரத் தகடு மெல்ல வழக்கொழிஞ்சுது. ரசாயனம் ஸ்டூடியோவை விட்டு ஃபாக்டரிக்குப் போச்சு. வேலை குறைஞ்சுதா, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போச்சாங்கிறது தனிப் பதிவுக்கான விஷயம்.

அதனால மக்களே, யார் வீட்டுப் பரண்லயாவது நூறு நூத்தம்பது வருஷப் பழைய படம் கிடைச்சா, முகத்தைப் பார்த்து முடிச்சதும் அட்டை ஓரம், ஒட்டின பசை, கன்னத்துல வச்ச பென்சில் டச்சப், காலுக்குப் பின்னாடி அந்த இரும்புப் பாதம் எல்லாத்தையும் ஒரு தடவை பாருங்க. ஒவ்வொண்ணும் ஒருத்தரோட நாள் கூலி. படத்துல இருக்கிறவங்க பேர் உங்களுக்குத் தெரிஞ்சா, தயவு செஞ்சு பின்பக்கம் பென்சிலால எழுதி வைங்க. எடுத்தவர் பேர் தெரிஞ்சா அதையும் எழுதுங்க.

பாட்டி சொன்ன ஆயுசு விஷயத்துல என்னோட தீர்ப்பு இதுதான்: போட்டோவால சில பேர் ஆயுசு குறைஞ்சுது, சில பேர் ஆயுசு கூடிச்சு. அந்த சில பேரும் இந்த சில பேரும் ஒரே ஆட்கள் இல்லை.

உங்க ஊர்ல பழைய ஸ்டூடியோ இருட்டறையில வேலை பார்த்தவங்க, டச்சப் ஆர்ட்டிஸ்டா இருந்தவங்க யாரையாவது தெரியுமா? பின்னூட்டத்துல சொல்லுங்க. இல்லைன்னா நீங்களே ஒரு பதிவு போடுங்க, அது இன்னும் நல்லது.